மங்கிப்போன மின்கருவிக்கு மீண்டும் மெருகு: அறிகுறி பார்த்து வழி தேடுவது

டிரில், கிரைண்டர், ஜிக்சா என்று எந்த மின்கருவியானாலும் சில ஆண்டுகள் உழைத்த பிறகு அதன் பிளாஸ்டிக் உடல் களையிழந்துவிடுகிறது. நிறம் வெளிறும், கைப்பிடி கறுக்கும், எங்கோ ஒரு மூலையில் வெள்ளை பூத்திருக்கும். உடனே கை போவது பளபளப்புத் தரும் ஏதோ ஒரு புட்டிக்கு. பூசிய அன்று அழகுதான். சில நாளில் பழைய கோலம் திரும்பிவிடும், போதாக்குறைக்கு மரத்தூளும் அப்பியிருக்கும். அழுக்கு ஏறி மங்குவதும், வெயிலில் மேல்தோல் சிதைந்து மங்குவதும், கைபட்டுத் தேய்ந்து மங்குவதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வெவ்வேறு கோளாறுகள். மேற்பரப்பில் ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா, அல்லது அதிலிருந்து ஏதாவது போய்விட்டதா என்று தெரிந்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த உடல் புதிதாக இருந்தபோது பளபளத்ததா? பெரும்பாலான மின்கருவிகளின் வெளிக்கூடு வேண்டுமென்றே மங்கலான சொரசொரப்போடுதான் வார்க்கப்படுகிறது. கை வழுக்காமல் இருக்கவும், வார்ப்பில் விழும் கோடுகள் கண்ணில் படாமல் இருக்கவும் அச்சிலேயே அந்தச் சொரசொரப்பைப் பதித்துவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றி அது மறைத்திருந்த இடத்தைப் பாருங்கள்; பக்கக் கைப்பிடியின் வளையத்துக்கு அடியில் பாருங்கள். வெயிலும் கையும் படாத அந்தத் துண்டுதான் உங்கள் இலக்கு. அதைவிட அதிகமாகப் பளபளக்க வைத்தால் அது மீட்பு ஆகாது, புதிதாக ஒரு கோளாறை உண்டாக்குவதாகும்.

தொடங்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். டிரிகரை ஒருமுறை அழுத்திப் பார்த்துக் கருவி உயிரற்றுக் கிடக்கிறது என்று உறுதி செய்யுங்கள். உடலில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்ட கருவி. அதில் நிலக்கம்பி (எர்த்) கிடையாது. மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே காவல் நிற்பதில் அந்தப் பிளாஸ்டிக் உடலுக்கும் பங்கு உண்டு. எனவே அழகுக்காக அதைச் சன்னமாகிப்போகும் அளவுக்குத் தேய்ப்பதும் துளையிடுவதும் உலோகத்தூள் கலந்த பெயின்ட் அடிப்பதும் கூடவே கூடாது. விரிசல் கண்டால் மெருகைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. உடல் பாகத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது, எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்வது. கூட்டைக் கழற்றினால் உள்பக்கத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அதன் பெயர் வார்க்கப்பட்டிருக்கும். ‘பிஏ6-ஜிஎஃப்30’ என்றிருந்தால் எடையில் 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான். மோட்டாரைச் சுமக்கும் கூடுகளில் இந்த வகையைத்தான் அதிகம் பார்க்கலாம். ‘ஏபிஎஸ்’ அல்லது ‘பிசி+ஏபிஎஸ்’ (பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ்) என்பது பேட்டரி உறையிலும் சார்ஜரிலும் மூடிகளிலும் வரும். ஒளி ஊடுருவும் சன்னல்களும் தூசுப் பெட்டிகளும் பெரும்பாலும் பாலிகார்பனேட். கைப்பிடியின் மேல் போர்த்திய மெத்தென்ற பாகம் ரப்பர் போன்ற வேறொரு பிளாஸ்டிக்.

கழற்ற மனமில்லை என்றால் கண்ணில் படாத ஓரத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் சில நொடிகளில் இளகி ஒட்டும். பஞ்சில் நிறமும் ஏறும். நைலான் அசையாது. பாலிகார்பனேட் என்று சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அசிட்டோன் பட்டால் அது வெளுத்து நுண்விரிசல் விடும். தின்னருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கழுவுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே பிறகு மெருகு நிற்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். மங்கல் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, சொரசொரப்பின் பள்ளங்களில் இறுகிய தூசியும் கைப்பிசுக்கும்தான்.

உலர்ந்த பிரஷ்ஷால் காற்றுத் துளைகளைச் சுற்றியுள்ள தூசியை முதலில் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஈரம் பட்ட பிறகு அது சேறாகி உள்ளே போகும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அதில் நனைத்து நன்றாக உதறிவிட்டுத் தேயுங்கள். கருவியை நீரில் முக்கக் கூடாது. குழாயடியில் காட்டவும் கூடாது. உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு, வட்டமாகத் தேய்த்து, நுரை அழுக்கேறிச் சாம்பல் நிறமானதும் ஈரத்துணியால் துடைத்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். நுரையை அங்கேயே காயவிட்டால் கரைந்த பிசுக்கு மறுபடி பள்ளத்திலேயே குடியேறும். காற்றுத் துளை, டிரிகர், பேட்டரி முனைகள் ஆகியவற்றின் அருகில் பிரஷ் வேண்டாம். பிழிந்த துணியின் நுனி போதும். எழுத்துகளின் இடுக்கில் இருப்பதைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுக்கலாம்.

சோப்புக்கு அசையாத எண்ணெய்க் கறைக்கும் மரப்பிசினுக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நல்லது. நைலான், ஏபிஎஸ் இரண்டுக்கும் துடைத்தெடுக்கும் அளவில் தீங்கு செய்யாது. காய்ந்த தண்ணீர்ப் பெயின்ட் துளிகளையும் அது இளக்கிவிடும். ஆனால் மை அச்சில் உள்ள எழுத்துகளையும் எச்சரிக்கை ஸ்டிக்கரையும் அது அழித்துவிடக்கூடும். மின்னழுத்தமும் வேகமும் பொறித்த தகட்டைத் தொடாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த பிசின் நீக்கிகள் வாசனையாக இருப்பதாலேயே சாதுவானவை அல்ல. ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் அவை பதம் பார்க்கும்.

முழுதாகக் காயட்டும். இப்போது ஈரவிரலால் மங்கிய இடத்தில் ஒரு கோடு இழுங்கள். ஈரத்தில் பழைய நிறம் பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறைந்தால் நிறமி இன்னும் உயிரோடிருக்கிறது, மேல்தோல்தான் சிதைந்திருக்கிறது, மீட்கலாம். ஈரத்திலும் வெளிறியே தெரிந்தால் நிறமியே வெயிலில் செத்துவிட்டது. எந்தத் தைலமும் அதை எழுப்பாது. பின்வரும் வழிகளில் எதை எடுப்பது என்பதை இந்த ஒரு கோடே பெரும்பாலும் சொல்லிவிடும்.

அறிகுறி: கழுவிய பிறகும் வெள்ளைப் படலம்

கட்டட வேலைக்குப் போன கருவியா? அப்படியானால் சிமென்ட். நீரில் நனைந்து இறுகிய சிமென்ட் படலத்தைச் சோப்பு ஒன்றும் செய்யாது. வினிகரில் இரண்டு மடங்கு நீர் கலந்து துணியில் தோய்த்து ஒற்றுங்கள். சிறு குமிழிகள் எழுந்தால் சரியான எதிரியைப் பிடித்துவிட்டீர்கள். ஓரிரு நிமிடம் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் நீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். அவசரப்பட்டுக் கழிவறை கழுவும் அமிலத்தை எடுக்க வேண்டாம். வலுவான அமிலம் நைலானைத் தின்னும், திருகுகளையும் துருவேற்றும். ஜிப்சம் பூச்சுத் தூசு வினிகருக்கு மசியாது. அதற்கு வெதுவெதுப்பான நீரும் பிரஷ்ஷும் பொறுமையும்தான் மருந்து.

வெள்ளை, கருவியின் சொரசொரப்பில் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கிறதென்றால் முன்பு யாரோ கார் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அந்தப் பசையில் உள்ள தேய்ப்புத் துகள் பள்ளங்களில் காய்ந்து சுண்ணாம்பு போல் நிற்கும். ஆல்கஹாலில் தோய்த்த பல் பிரஷ் அதை எடுத்துவிடும். மங்கலாக வார்த்த கறுப்புப் பிளாஸ்டிக்கில் தேய்ப்புப் பசையைத் தொடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூடி போன்ற சிறு பாகத்தில் ஒட்டிய விரிசலைச் சுற்றி வெள்ளை மூட்டம் என்றால் அது சூப்பர் பசையின் ஆவி படிந்தது. கடினமான துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி மறையும். பிறகு சோப்பால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். விரிசல் எங்கே விழுந்தது என்று ஒருமுறை யோசியுங்கள்: திருகுத் துளையைச் சுற்றியா? திருகு கழலாமல் இருக்கப் போடும் திரவப் பசை ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் அழுத்தம் உள்ள இடத்தில் வெடிக்க வைக்கும். உலோகத்துக்கென்று வந்த பொருள் அது.

அறிகுறி: ஈரத்தில் நிறம் வருகிறது, காய்ந்தால் போகிறது

இதுதான் உண்மையான மங்கல். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேல்தோலின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. ஏபிஎஸ்ஸில் இருக்கும் ரப்பர் பங்கு முதலில் கெடுகிறது. மேலே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. அவற்றில் காற்று நிற்கிறது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. இந்த இடைவெளியால் ஒளி சிதறி வெண்மையாகத் தெரிகிறது. நீர் அந்த விரிசலை நிரப்பினால் 1.33 ஆகிறது, சிதறல் குறைகிறது. எண்ணெய் நிரப்பினால் ஏறக்குறைய 1.47, நிறம் முழுதாக மீண்டதுபோல் இருக்கிறது. எண்ணெய் தடவினால் ஏன் உடனே அழகாகிறது, அது வடிந்ததும் ஏன் மறுபடி வெளுக்கிறது என்பதற்கு விடை இவ்வளவுதான்.

ஆக, வழி இரண்டு: சிதைந்த தோலை எடுப்பது, அல்லது விரிசலை ஆவியாகாத ஒன்றால் நிரப்புவது.

தோலை எடுப்பது வழுவழுப்பான ஏபிஎஸ் பாகங்களுக்கு மட்டுமே சரி. சார்ஜரின் மூடியும் பேட்டரி உறையின் தட்டையான பக்கமும் இதற்கு ஏற்றவை. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து, அதன் முனைகளின் மேல் நாடா ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் பசையைச் சிறிதளவு துணியில் எடுத்து மெதுவாக வட்டமிட்டால் துணியில் பாகத்தின் நிறம் ஏறும். அதுதான் செத்த தோல். நிறம் ஏறுவது குறைந்ததும் நிறுத்துங்கள். மெலமைன் ஸ்பாஞ்சும் ஒரு நுண் உப்புத்தாள்தான். பளபளத்த இடத்தை மங்கலாக்கும், மங்கலான இடத்தில் பளபளப்புத் திட்டு விடும்.

கண்ணாடி இழை சேர்த்த நைலானில் தேய்ப்பு வேலை வேண்டாம். தேய்த்தால் நைலான் வழுவழுப்பாகாது, பஞ்சு பஞ்சாகப் பிரியும். உள்ளே இருக்கும் இழைகளும் தலைகாட்டும். அதற்கு நிரப்புவது ஒன்றே வழி.

நிரப்ப மூன்று வகைப் பொருள்கள் கிடைக்கின்றன. சிலிக்கோன் எண்ணெய் கலந்த பளபளப்பு திரவம் மிக எளிது, ஆயுள் மிகக் குறைவு. கையை வழுக்கும், தூசியை இழுக்கும், ஒருமுறை போட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் பசையும் பிடிக்காமல் மீன்கண் போன்ற குழிகள் விழும். கருவிக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இரண்டாவது, காற்றில் தானாக இறுகும் வேகவைத்த ஆளிவிதை எண்ணெய். மலிவு, கறுப்பு நைலானுக்கு நன்றாக ஒத்துப்போகும், மங்கலான பளபளப்பே தரும். துணியில் சில சொட்டு எடுத்து உடலில் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்ட மிச்சம் பிசினாக இறுகி ஒட்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவரும்; சுருண்ட துணியில் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவையுங்கள், அல்லது நீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

மூன்றாவது, கார்களின் வெளிப்புறக் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கென்று வரும் இறுகும் பூச்சுகள். விலை கூடுதல்தான். ஆனால் காய்ந்த பிறகு எண்ணெயாக இல்லாமல் படலமாக நிற்பதால் தூசி ஒட்டுவதில்லை, ஆயுளும் நீளம். இதற்கு முன் ஆல்கஹாலால் துடைத்துப் பிசுக்கே இல்லாமல் செய்திருக்க வேண்டும். சன்னமாக ஒரு பூச்சு, அது இறுகும்வரை ஈரம் படாமல் ஒரு நாள். வெளிறல் அதிகமானால் மறுநாள் இன்னொரு பூச்சு. எதைப் பூசினாலும் கைப்பிடியையும் டிரிகரையும் விட்டுவிடுங்கள். சுழலும் கிரைண்டர் கையில் வழுக்கிவிட்டால் அழகைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

ஹீட் கன் காட்டினால் கறுப்பு திரும்பிவிடும் என்று பலரும் சொல்வது காரின் பம்பருக்கும் பாலிபுரோப்பிலீன் தோட்ட நாற்காலிக்கும் பொருந்தும். அவற்றின் மேல்தோல் நொடியில் உருகி மூடிக்கொள்ளும். மின்கருவியில் அந்தப் பலன் கிடையாது. ஏபிஎஸ் 100 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். ஹீட் கன்னின் காற்றோ அதைப்போல் சில மடங்கு சூடு. கூடு ஒரு மயிரிழை கோணினாலும் உள்ளே பேரிங் உட்காரும் இடம் கோணும். பேட்டரி அருகே அதைக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி: தொட்டால் உள்ளங்கை அரிக்கிறது

வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த நைலான் கூட்டில் இது வரும். மேலிருந்த நைலான் அரித்துப் போய், கண்ணாடி இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் பூத்த மெல்லிய மயிர் போலத் தெரியும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் ஒரே திசையில் பலமுறை துடைத்து உதிரும் இழைகளை எடுத்துவிடுங்கள், துணியை எறிந்துவிடுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்த இழைத்தூள் காற்றில் பறக்கும். பிறகு இறுகும் பூச்சு இரண்டு தடவை. இங்கே பூச்சு அழகுக்கு மட்டுமில்லை, இழையை அதன் இடத்திலேயே கட்டிப்போடவும்தான். அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் கூடு வலுவிழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மாற்றுவதற்கு விலை விசாரிக்கலாம்.

அறிகுறி: கைப்பிடி ரப்பர் பிசுபிசுக்கிறது

இது இரண்டு காரணத்தால் வரும். கை எண்ணெயும் வியர்வையும் ஊறி மேலே நிற்பது ஒன்று. ரப்பர் பாகமே சிதைந்து இளகுவது இன்னொன்று. சோப்பு நீரும் பிரஷ்ஷும் முதலாவதைத் தீர்த்துவிடும். தீரவில்லை என்றால் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், காய்ந்ததும் ஆல்கஹால் துணியால் விரைவாகத் துடையுங்கள். துணியில் கறுப்பாக ஏறுவது கெட்டுப்போன மேல்படலம். சில கருவிகளில் கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்ற ஒரு பூச்சு மட்டுமே இருக்கும். அந்தப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பசையாகிவிடும். அதை ஆல்கஹாலால் முழுவதுமாகக் கழற்றிவிடுவதே நிம்மதி. அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கெட்டியாகவும் சுத்தமாகவும் வெளிவரும்.

இரண்டு நாளில் பிசுபிசுப்பு திரும்பினால் ரப்பர் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிட்டது. டால்கம் பவுடர் தூவினால் அன்றைய வேலை ஓடும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்தால் ரப்பர் ஊதிப் பெருத்து உடலிலிருந்து உரிந்துவிடும். கை சுத்தமான பிறகும் ரப்பரில் விரல் தடம் பதிந்து நிற்கிறதா? கொசு விரட்டித் தைலம் பூசிய கையோடு கருவியைத் தொட்டிருக்கலாம். அவற்றில் பலவற்றில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். பதிந்த தடம் போகாது. இனிமேல் பதியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: மங்கலான உடலில் பளபளக்கும் திட்டு

எதிர்த்திசைக் கோளாறு. விரலும் உள்ளங்கையும் படும் இடத்தில் சொரசொரப்பின் மேடுகள் தேய்ந்து தட்டையாகி, அங்கே மட்டும் வெளிச்சம் பளிச்சிடுகிறது. முதலில் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்; பிசுக்காக இருந்தால் மங்கும். தேய்மானமாக இருந்தால் மங்காது. நார் ஸ்க்ரப்பரின் துண்டை வைத்துத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் பளபளப்பு கொஞ்சம் அடங்கும். அச்சில் பதிந்த சொரசொரப்பு அதைவிட ஆழமானது, கையால் திரும்பிவராது. உழைத்த கருவியில் உழைத்த இடம் தெரிவதில் குறை ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

அறிகுறி: கீறல்கள்

நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறல் வழுவழுப்பான ஏபிஎஸ்ஸில் இருந்தால் பாலிஷ் பசைக்கே மறையும். நகம் மாட்டினால் நீர் தொட்ட உப்புத்தாளில் 800, 1500, 2000 என்று ஏறிச் சென்று பாலிஷ்ஷில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய தாளின் கோடுகள் மறையும்வரை, திசையை மாற்றித் தேய்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சொரசொரப்பான உடலில் கீறலைத் தேய்த்து எடுக்கப் போனால் கீறல் போய் அதைவிடப் பெரிய வழுக்கைத் திட்டு வந்து உட்காரும். அங்கே கீறலை விட்டுவிடுங்கள். கீறலின் ஓரத்தில் மயிர்போல் எழும்பி நிற்கும் பிசிறைக் கூரான பிளேடால் சாய்வாகச் சீவினாலே பாதி மறைந்துவிடும்.

தூசுப் பெட்டியும் வெட்டுக்கோடு பார்க்கும் சன்னலும் மூட்டமடைந்திருந்தால், தூசியை நீரூற்றிக் கழுவிய பிறகே துணியைத் தொடுங்கள். பெட்டியைத் தனியாகக் கழற்ற முடியும் என்பதால் இதில் மட்டும் குழாயடி அனுமதி. உலர்ந்த துணியால் துடைப்பதுதான் அந்த மூட்டத்தையே உண்டாக்கியது. பாலிஷ் பசை இல்லாவிட்டால் வெள்ளைப் பற்பசை போதும். அதிலும் நுண்ணிய தேய்ப்புத் துகள் உண்டு. அம்மோனியா கலந்த கண்ணாடி கழுவும் திரவம் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

அறிகுறி: வளைந்த இடத்தில் வெண்கோடு

கீழே விழுந்து மடங்கிய ஏபிஎஸ்ஸில் வரும் வெண்மை, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் திறந்ததால் வருவது. மேலே எதைப் பூசினாலும் மறையாது. பாகம் தனியாகக் கழற்றக்கூடிய மூடியாக இருந்தால், தலைமுடி உலர்த்தியால் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே சூடேற்றி, மெதுவாகப் பழைய வடிவுக்கு அழுத்திப் பிடித்தால் வெண்மை ஓரளவு அடங்கும். வலு திரும்பாது.

அறிகுறி: பழுப்புப் புள்ளிகள்

கிரைண்டரின் அருகில் வைத்திருந்த கருவிகளில் பாருங்கள்: ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கான பழுப்புப் பொட்டுகள். இரும்பை அறுக்கும்போது பறக்கும் பொறி, எரியும் எஃகுத் துகள்தான். அது பிளாஸ்டிக்கில் பட்டதும் உருக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும்; பிறகு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். சோப்பும் ஆல்கஹாலும் இங்கே வீண். பூதக்கண்ணாடியும் ஊசியும் எடுத்துக்கொண்டு பெரிய துகள்களை நெம்பி எடுக்கலாம், பொறுமை இருந்தால். மிச்சப் பொட்டுகளின் பழுப்பை நீர்த்த வினிகர் கொஞ்சம் வெளிறச் செய்யும். அடுத்த முறை பொறி பறக்கும் திசையில் எதையும் வைக்காமல் இருப்பது இதைவிட எளிது.

அறிகுறி: வயர் சுற்றிய தடம்

கருவியின் மேலேயே வயரை இறுகச் சுற்றி மாதக்கணக்கில் வைத்தால், வயர் உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து ஏபிஎஸ்ஸை இளக்கும். வயரைப் பிரித்தால் வாய்க்கால் போட்டதுபோல் பளபளப்பான தடம். ஒட்டும் தன்மை இருந்தால் சோப்பாலும் ஆல்கஹாலாலும் எடுத்துவிட்டு, சில நாள் காற்றாட விடுங்கள். தடம் வழுவழுப்பான பாகத்தில் இருந்தால் உப்புத்தாள் வழி உண்டு. வயரைத் தனியாகச் சுருட்டித் தொங்கவிடுங்கள்.

அறிகுறி: வெளிர்நிற உடல் மஞ்சளாகிவிட்டது

ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளிச்சமும் சேர்த்து மஞ்சளை வெளுக்க வைக்கும் முறை பழைய கணினிகளை மீட்பவர்களிடம் பிரபலம். வெள்ளை, சாம்பல் நிற ஏபிஎஸ் பாகத்தைத் தனியாகக் கழற்றிச் செய்தால் பலன் தெரியும். பெராக்சைடு பசை சீராகப் பரவாத இடத்தில் திட்டுத் திட்டாக வெளுக்கும், காலப்போக்கில் மஞ்சள் திரும்பியும் வரலாம். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று நிறமேற்றிய கூட்டில் இதைச் செய்து நிறத்தையே இழக்காதீர்கள்.

அறிகுறி: ஈரவிரல் கோட்டிலும் நிறம் வரவில்லை, எழுத்துகளும் அழிந்துவிட்டன

எழுத்து எளிது. பள்ளமாக வார்த்த எழுத்தென்றால் வெள்ளை மெழுகுப் பென்சிலை அதன் மேல் அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பை அட்டை ஓரத்தால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும்.

நிறத்துக்கு மிச்சம் இருப்பது பெயின்ட் ஒன்றுதான், அதுவும் கூட்டை முழுதாகக் கழற்றி உள்பாகங்களை வெளியே எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஆல்கஹாலால் பிசுக்கெடுத்து, நார் ஸ்க்ரப்பரால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் போட்டு, சன்னமாக இரண்டு மூன்று தடவை ஸ்பிரே. இரண்டு பாதிக்கூடுகளும் சேரும் விளிம்பிலும் காற்றுத் துளையிலும் பெயின்ட் தடித்தால் கூடு மூடாது, காற்றும் போகாது. அங்கெல்லாம் நாடா ஒட்டி மறையுங்கள். கைபடும் இடத்தில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. வெளிறிய கருவியைவிட உரிந்த பெயின்ட்டோடு இருக்கும் கருவி மோசமாகத் தெரியும் என்பதால், பெரும்பாலும் நான் இந்த இடத்தில் வெளிறலை ஏற்றுக்கொள்ளத்தான் சொல்வேன்.

அறிகுறி: மிகப் பழைய கருவி, கெட்டியான பழுப்பு அல்லது கறுப்பு உடல்

தட்டினால் பீங்கான்போல் ஒலித்தால் அது பேக்கலைட் வகை. 1907இல் வேதியியலாளர் பேக்கலண்ட் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் உருகாது. அசிட்டோனுக்கும் எளிதில் மசியாது. மேலிருந்த பிசின் தேய்ந்து உள்ளே நிரப்பியிருக்கும் மரத்தூள் தெரிவதால்தான் அது மங்குகிறது. நீர் அதிகம் காட்டாமல் துடைத்து, உலோகம் துலக்கும் பாலிஷ் பசையால் மெதுவாகத் தேய்த்து, மெழுகு பூசித் துடைத்தால் ஆழமான பளபளப்பு வரும். இங்கே பளபளப்புதான் பழைய நிலை. உப்புத்தாளை உலர்ந்த நிலையில் போடாதீர்கள். அந்தக் காலத்து வார்ப்புகள் சிலவற்றில், நுரையீரலைக் கெடுக்கும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்தது.

அறிகுறி: மெருகு வந்தது, சில நாளில் போய்விட்டது

பூச்சுக்கு அடியில் பிசுக்கு இருந்திருக்கிறது, அல்லது பூசியது சிலிக்கோன் எண்ணெய். சோப்பு, பிறகு ஆல்கஹால், பிறகு இரண்டையும் மறுபடி ஒருமுறை. ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் பூச்சுக்கு மேற்பரப்பு தயார்.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகு ஓட்டினால் வாடை வருகிறது

ஆல்கஹாலோ பூச்சோ காற்றுத் துளை வழியாக உள்ளே போயிருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷில் பொறி பறந்து அந்த ஆவி தீப்பிடிக்கக்கூடும் என்பதால் உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, காற்றோட்டமான இடத்தில் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு நாள் வையுங்கள். அதன் பிறகும் கருகல் வாடை வந்தால் அது பூச்சின் வேலையில்லை. மோட்டாரைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.